கேட்பதற்கும் பேசுவதற்கும் உள்ள உரிமை: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களும் பதில்களும்

தகவல் மனு எழுத வருகிறவர்களும், எழுதியதற்காகவோ பேசியதற்காகவோ மாட்டிக்கொண்டு வருகிறவர்களும் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே தொகுத்துவைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே இருக்கின்றன. எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். வழக்கு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றால் இதைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பேச்சுரிமை வேறு, தகவல் உரிமை வேறு. இரண்டையும் ஏன் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்?

இரண்டும் அரசியல் சட்டத்தின் ஒரே இடத்தில், 19(1)(ஏ) பிரிவில் வேர்விட்டவை. விவரம் தெரியாதவனால் கருத்துச் சொல்ல முடியாது என்பதால், பேசும் உரிமைக்குள் தெரிந்துகொள்ளும் உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. 1975இல் ராஜ் நாராயண் வழக்கில் அதிகாரத்தில் இருப்பவர்களின் பொதுச் செயல்கள் அனைத்தையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்றது. 2002இல் வேட்பாளர்களின் குற்றப் பின்னணியும் சொத்து விவரமும் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்றது. 2024 பிப்ரவரி 15 அன்று, பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்ததும் இதே 19(1)(ஏ)யின் அடிப்படையில்தான்.

அதனால் 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் புதிதாக ஓர் உரிமையைத் தானமாகக் கொடுத்துவிடவில்லை. ஏற்கெனவே இருந்த உரிமைக்கு விண்ணப்பம், காலக்கெடு, அபராதம் என்று ஒரு நடைமுறையை வகுத்தது. ராஜஸ்தானில் கூலி வேலைக்குச் சென்றவர்கள் வருகைப் பதிவேட்டின் நகலைக் கேட்டு நடத்திய போராட்டம் அதன் பின்னணியில் இருக்கிறது. தமிழ்நாடு 1997லேயே சொந்தமாக ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. விதிவிலக்குகளின் பட்டியல் நீளமாக இருந்ததால் அது பெரிதாக உதவவில்லை என்பது வேறு கதை.

நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. கேட்டவரும் பேசியதற்காக வழக்கை எதிர்கொள்பவரும் பல நேரங்களில் ஒரே ஆள்.

பேச்சுரிமை இருக்கிறது என்றால் எதை வேண்டுமானாலும் பேசலாம், அப்படித்தானே?

இல்லை. 19(2) பிரிவு சில காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க அனுமதிக்கிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். பட்டியல் இதோடு முடிகிறது. அரசைச் சங்கடப்படுத்துவது அதில் இல்லை. அதிகாரியின் மனம் புண்படுவதும் இல்லை.

இந்தப் பட்டியல் இப்போதைய வடிவத்துக்கு வந்ததில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. ரொமேஷ் தாப்பரின் வார இதழ் மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று சென்னை அரசு தடை போட்டது. உச்ச நீதிமன்றம் 1950இல் அந்தத் தடையை நீக்கியது. அடுத்த ஆண்டே முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து ‘பொது ஒழுங்கு’ போன்ற சொற்களைச் சேர்த்தது. ‘நியாயமான’ என்ற சொல்லும் அப்போதுதான் சேர்ந்தது. இன்று பேச்சுரிமை வழக்குகளில் பாதி வாதம் அந்த ஒரு சொல்லை வைத்தே நடக்கிறது.

தகவல் மனு போட வக்கீல் வைக்க வேண்டுமா? எவ்வளவு செலவாகும்?

வக்கீல் தேவையில்லை. வெள்ளைத் தாளில் தமிழில் எழுதலாம். தமிழ்நாட்டில் இருக்கும் மத்திய அரசு அலுவலகத்துக்கும் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். மாநில அரசு அலுவலகம் என்றால் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டினால் போதும். மத்திய அரசு அலுவலகத்துக்கு வில்லை செல்லாது, அஞ்சல் ஆணை எடுப்பது எளிது. இதை மாற்றிச் செய்து மனு திரும்பி வந்தவர்கள் நிறைய. நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்கள் சான்றை இணைத்தால் கட்டணமே இல்லை. இணைய வழியிலும் அனுப்பலாம்.

‘எதற்காக உங்களுக்கு இந்தத் தகவல்?’ என்று அலுவலகத்தில் கேட்டால் என்ன சொல்வது?

எதுவும் சொல்ல வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவின்படி காரணம் கேட்கவே கூடாது. தொடர்புகொள்ளத் தேவையான விவரத்தைத் தவிர வேறு சொந்த விவரமும் கேட்கக் கூடாது.

2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு தீர்ப்பில், தகவல் கேட்பவர் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டது. 6(2) கவனத்துக்கு வராமல் போனதை உணர்ந்து, சில நாட்களிலேயே தானாக முன்வந்து அந்தப் பத்திகளை நீக்கியது. பழைய தீர்ப்பின் முதல் வடிவத்தை இன்னமும் நகலெடுத்துவைத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு. காட்டினால், நீக்கப்பட்ட கதையைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

‘எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?’ என்று கேட்டேன். ‘இது தகவல் வரையறைக்குள் வராது’ என்று பதில் வந்தது. ஏமாற்றுகிறார்களா?

இந்த ஒரு முறை அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2(எஃப்) பிரிவின்படி தகவல் என்பது பதிவாக இருப்பது: கோப்பு, குறிப்பு, மின்னஞ்சல், ஒப்பந்தம், நாட்குறிப்பு, சுற்றறிக்கை, மாதிரி. அலுவலரை ஏன், எதற்கு என்று விளக்கம் சொல்லவைக்கும் சட்டம் அல்ல இது. இல்லாத தகவலைப் புதிதாகத் தயாரித்துத் தரவும் தேவையில்லை என்று 2011இல் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. (அதே தீர்ப்புதான் தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்றும் சொன்னது.)

கேள்வியைப் பதிவாக மாற்றுங்கள். அந்தத் தெருவுக்குக் கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஒதுக்கப்பட்ட தொகையைக் காட்டும் ஆணையின் நகல், போடப்பட்ட மதிப்பீட்டின் நகல், ஒப்பந்த ஆணை, அளவுப் புத்தகத்தின் (முடிந்த வேலையின் அளவைப் பதியும் ஏடு) உரிய பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பட்டியலின் நகல். ‘ஏன்’ என்ற கேள்விக்கு அலுவலர் தரும் எந்த விளக்கத்தையும்விட இந்த ஐந்து தாள்கள் நேர்மையாகப் பதில் சொல்லும். வேலையே நடக்காமல் அளவுப் புத்தகத்தில் அளவு ஏறியிருந்தால் மேலே யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

பலர் பயன்படுத்தாத இரண்டு வசதிகளையும் சொல்லிவிடுகிறேன். கோப்பை நேரில் போய்ப் பார்வையிடலாம். எந்தத் தாளைக் கேட்பது என்று தெரியாதபோது இதுவே சிறந்த வழி. போட்ட சாலையிலிருந்து சான்றளிக்கப்பட்ட மாதிரியையும் கேட்கலாம். ஒரு மனுவில் ஒரு பொருளை மட்டும் கேளுங்கள். நாற்பது கேள்விகளை அடுக்கி அலுவலரை மிரட்டும் மனுக்களை நான் எழுதித் தருவதில்லை. அவற்றால் கிடைப்பது தகவல் அல்ல, பகை.

முப்பது நாள் முடிந்துவிட்டது. பதிலே இல்லை. மறுபடி மனு போடவா?

வேண்டாம். பதில் வராததைச் சட்டம் மறுப்பாகவே கருதுகிறது. கெடு முடிந்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அவர் 30 நாட்களில், காரணம் எழுதிவைத்தால் 45 நாட்களில் முடிக்க வேண்டும். அதிலும் பலன் இல்லையென்றால் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. கெடு தாண்டித் தரும் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்பதையும் மேல்முறையீட்டில் எழுதுங்கள். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய தகவல் என்றால் முப்பது நாள் அல்ல, 48 மணி நேரம். காவலில் வைக்கப்பட்டவரைப் பற்றிக் கேட்கும்போது இதை மறக்க வேண்டாம்.

தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் மனு சாகாது. உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாட்களுக்குள் மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

நேராக ஆணையத்திடம் புகார் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்கிறார்களே?

இந்த இடத்தில் விழுந்தவர்கள் ஏராளம். தகவல் உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின் கீழ் புகார் கொடுத்தால் ஆணையம் அலுவலருக்கு அபராதம் விதிக்கலாம், ஆனால் தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது. 2011இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பளித்தது. தகவல்தான் வேண்டும் என்றால் இதே சட்டத்தின் 19ஆம் பிரிவு மேல்முறையீடே வழி. இரண்டும் வேண்டும் என்றால் இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள்.

அபராதம் நாளுக்கு 250 ரூபாய், உச்சவரம்பு 25,000. அது அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து போகும். உங்களுக்கு வராது, அரசுக் கணக்கில் சேரும். உங்களுக்கு நட்டம் ஏற்பட்டிருந்தால் 19(8) பிரிவில் இழப்பீடு கேட்கலாம். யாரும் கேட்பதில்லை, அதனால் யாருக்கும் கிடைப்பதில்லை.

ஆணையங்கள் மெதுவாக நகர்கின்றன என்ற குறை உண்மை. பதவிகள் காலியாகவே கிடக்கின்றன. அவற்றை உரிய காலத்தில் நிரப்ப வேண்டும் என்று 2019இல் அஞ்சலி பரத்வாஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் தீர்மானிக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடம் கொடுத்தது. யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரே சம்பளத்தை முடிவு செய்தால் ஆணையம் எவ்வளவு துணிச்சலாக இருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

‘விசாரணை நிலுவையில் இருக்கிறது, தர முடியாது’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டார்கள்.

ஒற்றை வரி போதாது. மறுக்கும்போது காரணம், மேல்முறையீட்டுக்கான கெடு, மேல்முறையீட்டு அலுவலரின் விவரம் மூன்றையும் சொல்ல வேண்டும் என்கிறது 7(8). விசாரணைக்கான விதிவிலக்கு, தகவலைத் தந்தால் விசாரணைக்குத் தடை ஏற்படும் என்றால் மட்டும்தான். விசாரணை நடக்கிறது என்பதே காரணமாகிவிடாது, எப்படித் தடையாகும் என்று காட்ட வேண்டும் என 2007இல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதை நிரூபிக்கும் சுமையும் மறுக்கும் அலுவலர்மீதுதான், 19(5)இன்படி.

கோப்பில் இரண்டு பக்கம் ரகசியம் என்றால் அந்த இரண்டு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மீதியைத் தர 10ஆம் பிரிவு இடம் தருகிறது. மேல்முறையீட்டில் ‘10ஆம் பிரிவின்படி பிரித்துத் தரவும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

‘தனிநபர் தகவல்’ என்று சொன்னாலே கதவு மூடிவிடுகிறது. சட்டமே மாறிவிட்டதாமே?

மாறிவிட்டது. முன்பு 8(1)(ஜே) பிரிவு, பொதுப் பணியோடு தொடர்பில்லாத, அல்லது அநாவசியமாக அந்தரங்கத்தில் நுழைகிற தனிநபர் தகவலை மட்டும் விலக்கியது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரம்புகளை வெட்டிவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கியது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. என் கணிப்பில், 2005க்குப் பிறகு இந்தச் சட்டத்துக்கு விழுந்த மிகப் பெரிய அடி இதுதான். ஊழல் என்பது எப்போதும் ஏதோ ஒரு பெயரில்தான் நடக்கிறது. பெயரை மறைத்துவிட்டால் மிஞ்சுவது கூட்டுத்தொகை மட்டுமே.

ஆனாலும் கதவு முழுதாக மூடவில்லை. 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது: காப்பாற்றப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிது என்றால், விலக்களிக்கப்பட்ட தகவலையும் தரலாம். ஆகவே இந்த வகை மனுவில் மட்டும், முன்னே ‘காரணம் சொல்ல வேண்டாம்’ என்று சொன்னதற்கு மாறாக, பொதுநலன் என்ன என்பதை நீங்களாகவே நாலு வரி எழுதுங்கள். கட்டாயத்துக்காக அல்ல, வாதத்துக்காக.

இன்னொரு வழி 4(1)(பி). அலுவலர்களின் மாத ஊதியம், மானியத் திட்டங்கள் நிறைவேற்றப்படும் விதமும் பயனாளிகளின் விவரமும், உரிமமும் சலுகையும் பெற்றவர்களின் விவரம் ஆகியவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த வரிகளை யாரும் நீக்கவில்லை. தானாக வெளியிட வேண்டியதை மனு போட்டுக் கேட்டால் தனிநபர் தகவல் என்று எப்படி மறுப்பீர்கள் என்பதே நம் கேள்வி. இது எவ்வளவு தூரம் எடுபடும் என்பதை வரும் ஆண்டுகளின் வழக்குகள்தான் தீர்மானிக்கும்.

கிடைத்த தகவலை முகநூலில் போட்டேன். அவதூறு வழக்குப் போடுவேன் என்கிறார் ஒருவர். உள்ளே போய்விடுவேனா?

முதலில் மூச்சு விடுங்கள். அவதூறு இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு சாதாரணச் சிறை, அபராதம், அல்லது சமூக சேவை. ஜாமீன் தரத்தக்க குற்றம். போலீஸ் தானாக எஃப்ஐஆர் போட முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். புகாரை விசாரணைக்கு எடுக்கும் முன்பே உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223ஆம் பிரிவு. அதனால் அந்த நோட்டீஸை அலட்சியம் செய்யாமல் ஆஜராகுங்கள். வழக்கு அங்கேயே முடிந்துபோகும் வாய்ப்பு உண்டு.

குற்றவியல் அவதூறு செல்லும் என்று 2016இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை, ஆனால் சட்டம் அதுதான். தப்பிக்கும் வழி விதிவிலக்குகளில் இருக்கிறது. உண்மையானது, பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டது என்றால் அவதூறு ஆகாது. பொது ஊழியரின் அலுவல் நடத்தையைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்தும் ஆகாது.

இங்கேதான் தகவல் மனு வந்து காக்கிறது. ‘சாலை போடாமல் பணம் எடுத்துவிட்டார்’ என்று எழுதினால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். ‘இந்தத் தேதியில் இந்தத் தொகை வழங்கப்பட்டதாக அளவுப் புத்தகம் சொல்கிறது, இந்தத் தேதியில் எடுத்த இந்தப் படத்தில் சாலை இல்லை’ என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். திருடன், கொள்ளைக்காரன் என்ற பட்டங்களைத் தவிருங்கள். பட்டம் கொடுக்காமலே வாசகருக்குப் புரிந்துவிடும். சான்றளித்த நகலை வாங்கிக்கொண்டு பேசுங்கள். அவசரப்பட்டுப் பேசிவிட்டுப் பிறகு நகல் தேடுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏழு நாளில் மன்னிப்புக் கேட்டுப் பதிவை நீக்க வேண்டுமாம், ஒரு கோடி இழப்பீடாம்.

நோட்டீஸ் என்பது நீதிமன்ற உத்தரவு அல்ல. ஒரு தரப்பின் கடிதம். கோடி என்று எழுதக் காசு செலவில்லை. அதே தொகைக்கு உரிமையியல் வழக்குப் போட்டால்தான் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். பதில் அனுப்புங்கள், சுருக்கமாக, வழக்கறிஞர் மூலம். எழுதியதில் பிழை இருந்தால் திருத்தத்தை வெளியிடுங்கள். பிழை இல்லையென்றால் பயந்து நீக்கிவிட வேண்டாம். பதிவின் படம், வந்த கருத்துகள், ஆவணங்கள் எல்லாவற்றையும் தேதியோடு சேமித்துவையுங்கள்.

பெரிய நிறுவனங்கள் வழக்கின் தொடக்கத்திலேயே வெளியீட்டுக்கு இடைக்காலத் தடை வாங்கிவிடுவது வழக்கம். உண்மை எது என்று விசாரிக்கும் முன்பே வாயை அடைப்பது விதிவிலக்கான நேரங்களில் மட்டுமே நடக்கலாம் என்று 2024 மார்ச்சில் புளூம்பெர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களுக்கு நினைவூட்டியது. உங்கள் வழக்கறிஞர் முதலில் கையில் எடுக்க வேண்டிய தீர்ப்பு அது.

அரசே என்மீது அவதூறு வழக்குப் போட முடியுமா?

இழப்பீடு கேட்டு முடியாது. 1994இல் ஆர். ராஜகோபால் வழக்கு, அதாவது நக்கீரன் இதழின் வழக்கு, இதற்கு அடித்தளம். தூக்குக்காகக் காத்திருந்த கைதி ஒருவரின் தன்வரலாற்றை வெளியிடக் கூடாது என்று சிறை அதிகாரிகள் மிரட்டினார்கள். வெளிவரும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்கு நட்டஈடு கேட்க முடியாது. அதிகாரிகளின் அலுவல் நடத்தை பற்றி எழுதியது தவறாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் எழுதியது என்று காட்டினால்தான் நட்டஈடு உண்டு என்றது உச்ச நீதிமன்றம்.

குற்றவியல் பக்கம் ஓர் ஓட்டை இருக்கிறது. அமைச்சர், அரசு ஊழியர் ஆகியோருக்காக அரசு வழக்கறிஞரே நேராக அமர்வு நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் ஆட்சிகள் மாறினாலும் இந்த வழியின்மீது இருந்த பிரியம் மாறியதில்லை. 2020 மே மாதம் பத்திரிகை ஆசிரியர்கள் மீதிருந்த இத்தகைய வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சாதாரணக் குடிமகனைப் போல அரசு எடுத்ததற்கெல்லாம் சீறக் கூடாது, தனிப்பட்டவருக்கு நேர்ந்த அவதூறு வேறு, அரசுக்கு நேர்ந்தது வேறு, அரசு வழக்கறிஞர் தபால்காரர் அல்ல என்ற ரீதியில் விளக்கமாக எழுதப்பட்ட தீர்ப்பு அது.

காவல் நிலையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வரச் சொல்லி நோட்டீஸ் வந்தது. போகாவிட்டால் கைது செய்வார்களா?

விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) நோட்டீஸை (பழைய சட்டத்தில் 41ஏ) வாட்ஸ்அப்பில் அனுப்புவது முறைப்படி சேர்ப்பித்ததாக ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் இதை வைத்து வீம்பு பிடிக்க வேண்டாம். ‘முறையான நோட்டீஸ் கொடுங்கள், வருகிறேன்’ என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். போகும்போது வழக்கறிஞரோடு போங்கள். ‘பதிவை நீக்கிவிட்டால் விட்டுவிடுகிறோம்’ என்ற பேரம் வந்தால், எந்தச் சட்டப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

பேச்சு, எழுத்து தொடர்பான புகாரில், தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் வரும் குற்றம் என்றால், உடனே எஃப்ஐஆர் போடாமல் டிஎஸ்பி அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு கவிதைக்காகப் போட்ட வழக்கு அது. எழுத்தைத் திடமான மனமுடையவரின் கண்ணால் எடைபோட வேண்டும், எதற்கெடுத்தாலும் பதறுகிறவரின் கண்ணால் அல்ல என்றது. எஃப்ஐஆரே போட்டுவிட்டார்கள் என்றால், அதை ரத்து செய்ய அதே நடைமுறைச் சட்டத்தின் 528ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றம் போகலாம்.

66ஏ என்ற பிரிவில் வழக்குப் போடுவதாக மிரட்டுகிறார்கள்.

இணையத்தில் எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவு 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்தாகிவிட்டது. இறந்த பிரிவில் உயிருள்ள வழக்குகள் தொடர்ந்து பதிவானதைப் பார்த்து, யார்மீதும் அதன்கீழ் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022இல் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. தீர்ப்பின் நகலைக் காட்டுங்கள்.

சட்டம் என் பக்கம் இருக்கலாம். ஆனால் ஊரே எதிர்க்கிறது, கலவரம் வரும் என்று வட்டாட்சியர் சமாதானம் பேசச் சொல்கிறாரே?

இதற்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. 2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் அவருடைய நாவலை எதிர்த்தவர்களுக்காக நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ‘சமாதானக் கூட்டம்’ நடத்தி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கும் முன்னால், 1989இல் இடஒதுக்கீடு பற்றிய ஒரு தமிழ்த் திரைப்படத்தின் வழக்கில், ஊர்வலம் வரும் வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை அடக்க முடியாது, வன்முறையைத் தடுப்பதுதான் அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

கூட்டத்துக்குப் போவதில் தவறில்லை. அங்கே எதிலும் கையெழுத்திட வேண்டாம். பாதுகாப்பு வேண்டும் என்று காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். பின்னால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும்போது அந்த ஒப்புகைதான் முதல் ஆவணம்.

இவ்வளவு அலைவதற்கு ஒரு பொதுநல வழக்குப் போட்டுவிட்டால் என்ன?

போடலாம், ஆனால் வெறும் கையோடு போகாதீர்கள். செய்தித்தாள் நறுக்குகளை மட்டும் நம்பிய பொதுநல வழக்கு முதல் நாளே தள்ளுபடியாகலாம். வழக்குச் செலவையும் உங்கள் தலையில் கட்டலாம். தகவல் மனுவில் பெற்ற ஆவணம், அரசுக்குக் கொடுத்த கோரிக்கை மனு, பதில் வராத காலம் ஆகியவற்றைக் காட்டினால் நீதிபதி கேட்கும் முதல் மூன்று கேள்விகளுக்கும் விடை கையில் இருக்கும். தகவல் ஆணையத்தின் முடிவு தவறு என்றாலும் போக வேண்டிய இடம் உயர் நீதிமன்றமே. கீழ் நீதிமன்றங்களுக்கு இதில் அதிகாரம் இல்லை என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. என்ன செய்வது?

மாவட்டந்தோறும் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தேசிய உதவி எண் 15100. கருத்துரிமை வழக்குகளில் மக்கள் சிவில் உரிமைக் கழகம், இணைய முடக்கம் போன்றவற்றில் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளும் நீதிமன்றம் ஏறுகின்றன. எல்லா வழக்கையும் அவர்களால் எடுக்க முடியாது. ஆவணங்கள் தேதிவாரியாக அடுக்கியிருக்கும் வழக்கையே எடுப்பார்கள்.

நான் அரசு ஊழியர். தகவல் கேட்கலாமா? வெளியே பேசலாமா?

குடிமகனாகக் கேட்கலாம். உங்கள் சொந்தப் பெயரில், வீட்டு முகவரியில், பதவியைக் குறிப்பிடாமல். பேசுவதில் நடத்தை விதிகள் குறுக்கே வரும். உள்ளிருந்தபடி முறைகேட்டை வெளியே சொல்வதற்காக 2014இல் இயற்றிய பாதுகாப்புச் சட்டம் இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. அந்தச் சட்டத்தை நம்பி எதையும் செய்துவிடாதீர்கள்.

உண்மையைச் சொன்னால், எனக்குப் பயமாக இருக்கிறது. பெயர் தெரியாமல் கேட்க முடியாதா?

பயப்படக் காரணம் உண்டு. சுரங்க முறைகேடுகளைத் தகவல் மனுக்களால் துருவிய அமித் ஜெத்வா 2010இல் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மிரட்டல் வந்தால் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள்.

பெயரே இல்லாமல் கேட்க முடியாது, குடிமகனுக்கு மட்டுமே உரிமை என்பதால். முகவரியை மறைக்கலாம். தபால் பெட்டி எண் போதும், வீட்டு முகவரியை வற்புறுத்த வேண்டாம் என்று 2013இல் அவிஷேக் கோயங்கா வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது; மத்திய அரசும் அதைத் துறைகளுக்குச் சுற்றுக்கு விட்டது. ஊருக்குள் இருப்பவர் கேட்டால் ஆபத்து என்ற விவகாரங்களில் வேறு மாவட்டத்து நண்பர் ஒருவர் கேட்கலாம். எந்த ஊர்க்காரரும் எந்த ஊர்க் கோப்பையும் கேட்க உரிமை உண்டு. ஒரே கேள்வியை நாலைந்து பேர் தனித்தனியாக அனுப்புவது இன்னும் நல்லது. கிடைத்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல நாள் பார்க்காமல், வந்த அன்றே நாலு இடத்தில் கொடுத்துவையுங்கள். ஒருவரிடம் மட்டும் இருக்கும் தாளுக்காகத்தான் ஆள் அனுப்புவார்கள்.